தங்கத் தலை கறுப்பான கதை!

வெளுக்க ஒன்றரை மணி நேரம்... கறுப்பாக்க மூணு நாள்!

நெய்வேலிக்காரர்களிடம் போய் 'உங்க ஊர் நிலக்கரி கறுப்புதானே?' என்று கேட்டால் சிரிப்பார்கள். 1935-ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளியே வந்ததும், 1961-ல் சுரங்கத்தில் தட்டுப்பட்டதும், இன்றைக்கும் கன்வேயர் பெல்ட்டில் ஓடிக்கொண்டிருப்பதும் பழுப்பு நிலக்கரி. முழுசாகக் கறுக்காத நிலக்கரி. காபித் தூளுக்கு ஒன்று விட்ட சித்தப்பா மாதிரி ஒரு கலர்.

அதையும் விடாமல் கட்டி கட்டியாக அழுத்தி, சுட்டு, கறுப்பாக்கி 'லெக்கோ' என்று விற்ற காலம் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், லெக்கோ அடுப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆக, பழுப்பைக் கறுப்பாக்குவது இந்த ஊருக்குப் புதிய வேலை இல்லை.

ஆனால் என் அக்கா பையன் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

வியாழக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு அக்காவிடமிருந்து போன். "தம்பி, உடனே கிளம்பி வா. உன் மாப்பிள்ளை பண்ணியிருக்கிற காரியத்தைப் பாரு. உங்க அத்தான் கத்திரிக்கோலைக் கையில எடுத்துட்டாரு!"

கத்திரிக்கோல் என்றதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து, பண்ருட்டி ரோட்டில் எலும்பெல்லாம் இடம் மாறி, விடியற்காலை நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கினேன். குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்ப மரம், தோட்டத்தில் மருதாணிச் செடி, திண்ணையில் அத்தானின் அம்மா. எல்லாம் போன தடவை பார்த்த மாதிரியேதான் இருந்தது. உள்ளே போய்ப் பையன் தலையைப் பார்க்கிற வரைக்கும்!

பாசி பிடிச்ச கிணறு

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். நல்ல பையன். எல்லா நல்ல பையன்களையும் போல அவனுக்கும் ஒரு ஃப்ரெண்ட் இருந்தான். அந்த ஃப்ரெண்டின் அறையில் ஒன்றரை மணி நேரம் ப்ளீச் பவுடரைக் குழைத்துப் பூசி, தலையைத் தங்கமாக்கிவிட்டார்கள். போட்டோவுக்கு இருநூறு லைக். இருபது நாள் ராஜ வாழ்க்கை.

வியாழக்கிழமை சாயந்திரம் இன்டர்வியூ கார்டு வந்தது. கடலூரில் ஒரு கம்பெனி. திங்கட்கிழமை காலை பத்து மணி.

பையன் பதறிப்போய் அதே ஃப்ரெண்டிடம் ஓடினான். அவன் நாலு வாஷில் போகிற ரகத்தில் 'ஆஷ் பிரவுன்' என்று ஒரு க்ரீமை வாங்கி அப்பியிருக்கிறான். கழுவிப் பார்த்தால்... பச்சை! தூர் வாராத கிணற்றுச் சுவர் மாதிரி அங்கங்கே பாசி.

"மொட்டை அடிச்சு விட்டுர்றேன். பழனிக்கு வேண்டுதல்னு சொல்லிக்கட்டும்" என்றார் அத்தான்.

ஆயா விடவில்லை. "அப்பன்காரன் கல்லு மாதிரி இருக்கும்போது வேண்டுதலும் இல்லாம புள்ளைக்கு மொட்டையா? என் வீட்டுல நடக்காது!"

அத்தான் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். அவரே பதினைந்து நாளுக்கு ஒருமுறை மீசைக்கும் தலைக்கும் போடுகிற கறுப்பு டை பாக்கெட். "பேசாம இதைக் குழைச்சுப் போடு. பத்து நிமிஷம். முடிஞ்சுது கதை."

அங்கேதான் நான் பிரேக் போட்டேன். காரணம் அப்புறம் சொல்கிறேன். முதலில் பையனைத் தொப்பி போட்டு மூடி, மெயின் பஜார் பக்கம் ஒரு சலூனுக்கு அழைத்துப் போனேன்.

அழிக்கக் கூடாது, திருத்தணும்!

சலூன்காரர் முப்பது வயசு இளைஞர். பெங்களூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். தொப்பியைக் கழற்றியதும் சிரிக்கவில்லை. அதிலேயே எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

"சார், முடியில கறுப்புன்னு ஒரே கலர் கிடையாது. கறுப்புக்கு அடியில சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னு அடுக்கடுக்கா இருக்கு. ப்ளீச் புதுசா எந்தக் கலரையும் குடுக்கிறதில்ல. இருக்கிறதை எடுத்துட்டுப் போயிடுது. முதல்ல கறுப்பு போகும், சிவப்பு தெரியும். அப்புறம் ஆரஞ்சு. அப்புறம் மஞ்சள். வாழைப்பழத் தோலோட உள்பக்கம் பார்த்திருக்கீங்கள்ல? அந்தக் கலர் வந்தா நிறுத்திடணும். அதுக்கு மேல போனா முடியே கையோட வந்துடும்."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். ஒரு முடியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மேலே ஓடு வேய்ந்த கூரை மாதிரி செதில் செதிலாக இருக்கும். உள்ளே 'மெலனின்' என்கிற நிறமி. அதில் இரண்டு ஜாதி. ஒன்று கறுப்பும் பழுப்பும் தருவது, இன்னொன்று சிவப்பும் மஞ்சளும் தருவது. ப்ளீச்சில் இருக்கிற அமோனியா போன்ற காரம் ஓட்டைத் தூக்கிவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே புகுந்து நிறமியை உடைத்துக் கரைத்துவிடுகிறது. தூக்கின ஓடு மறுபடி பழையபடி ஒட்டி உட்காருவதில்லை. அதனால்தான் வெளுத்த முடி தேங்காய் நார் மாதிரி இருக்கிறது. தண்ணீரையும் சாயத்தையும் சட்டென்று குடிக்கும், சட்டென்று துப்பும்.

"அப்ப பச்சை எப்படி வந்துச்சு?"

"ஆஷ்னா அதுல நீலம் கலந்திருக்கும் சார். தலையில மிச்சம் இருக்கிறது மஞ்சள். சின்ன வயசுல டிராயிங் கிளாஸ்ல நீலத்தையும் மஞ்சளையும் கலந்தா என்ன வரும்?"

பச்சை!

"அதான். பழைய கலர் திரும்ப வரணும்னா, போனதைத் திருப்பி வைக்கணும். முதல்ல செம்பு மாதிரி ஒரு சிவப்பைப் போட்டு நிரப்பணும். நாங்க ஃபில்லர்னு சொல்வோம். அதுக்கு மேலதான் பிரவுன். நேரா கறுப்பை அப்பினா விக் வெச்ச மாதிரி இருக்கும். வெளுத்த முடியில அது சீக்கிரமே மங்க ஆரம்பிக்கும். அப்பவும் சீரா மங்காது. திட்டுத் திட்டா மங்கும். இன்னொண்ணு சார், கலர் மேல கலர் போட்டா வெளுக்காது. கறுப்பு பிடிக்கலைன்னா மறுபடி ப்ளீச்தான்."

நான் பி.காம். படித்தவன். அவர் சொன்னதும் எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் ஞாபகம் வந்துவிட்டது. லெட்ஜரில் தப்பான என்ட்ரி விழுந்தால் அழிக்கக் கூடாது, மேலே கிறுக்கவும் கூடாது. தப்பை ஒத்துக்கொண்டு, எதை எடுத்தோமோ அதை அந்தந்த இடத்தில் திருப்பி வைக்கிற மாதிரி 'ரெக்டிஃபிகேஷன் என்ட்ரி' போட வேண்டும். தலைமுடிக்கும் அதே சட்டம்தான் போலிருக்கிறது!

என் கண் வீங்கின கதை

"இன்னிக்கே போட்டுருங்க" என்றேன்.

"முடியாது சார். நாற்பத்தெட்டு மணி நேரம் டெஸ்ட்" என்றவர் துளி சாயத்தை எடுத்துப் பையன் காதுக்குப் பின்னால் வைத்தார். "ஞாயித்துக்கிழமை காலைல வாங்க. இடையில அரிச்சா போன் பண்ணுங்க."

சந்தோஷமாகத் தலையாட்டினேன். அத்தான் பாக்கெட்டைத் தடுத்த காரணமும் இதுதான்.

எனக்கு இருபத்தெட்டு வயசில் இளநரை. பெண் பார்க்கப் போவதற்கு முதல் நாள் ராத்திரி, பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கி நானே குழைத்துப் போட்டுக்கொண்டேன். 'முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவும்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தை யார் சார் படிக்கிறார்கள்? மறுநாள் மத்தியானம் நெற்றி அரித்தது. சாயந்திரம் இரண்டு கண்ணும் பணியாரம் மாதிரி வீங்கி மூடிக்கொண்டன. பெண்ணைப் பார்க்கப் போனவன் பெண்ணைப் பார்க்கவே முடியவில்லை. 'மாப்பிள்ளைக்கு நடுராத்திரியில் தேனீ கொட்டிவிட்டது' என்று அப்பா சமாளித்தார். அந்தச் சம்பந்தம் தேனீயோடு பறந்துவிட்டது.

குற்றவாளியின் பெயர் பாராஃபெனிலீன்டையமின். சுருக்கமாக பி.பி.டி. நிரந்தரமாகக் கறுப்பாக்கும் டைகளில் பெரும்பாலும் இதுவோ இதன் பங்காளியோதான் இருக்கும். 1907-ல் பிரான்ஸில் யூஜின் ஷூலர் என்கிற கெமிஸ்ட் ரசாயன ஹேர் டை தயாரித்தார். 1909-ல் கம்பெனி ஆரம்பித்தார். பின்னாளில் அதுதான் லோரியல். அப்போது கம்பெனிக்கு வைத்த பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? 'தீங்கில்லாத தலைச் சாயங்களின் பிரெஞ்சுக் கம்பெனி'! பெயர்ப் பலகையிலேயே சத்தியம் செய்ய வேண்டிய சரக்கு. இன்றைக்கும் ஐரோப்பிய யூனியனில், தலையில் தடவுகிற கலவையில் பி.பி.டி. இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல மாட்டேன். நிறைய பேர் வருஷக்கணக்கில் போடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. ஆனால் பத்து வருஷம் சும்மா இருந்த உடம்பு பதினோராவது வருஷம் திடீரென்று போர்க்கொடி தூக்கலாம். அதுதான் இதில் வம்பு.

'முடிக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்?'

அன்று சாயந்திரம் பையன் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தான். தூரத்தில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி.

"மாமா, ஒண்ணு கேட்கிறேன். லேத் ஓட்டத் தெரியுமா, டிராயிங் படிக்கத் தெரியுமான்னு பார்த்தா போதாதா? முடிக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்? அப்பா வெள்ளையைக் கறுப்பாக்கினா மரியாதை. நான் கறுப்பை வெள்ளையாக்கினா ரவுடியா?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

1998 உலகக் கோப்பை ஃபுட்பாலில் ருமேனியா வீரர்கள் அடுத்த சுற்றுக்குப் போகிற சந்தோஷத்தில் மொத்தமாகத் தலையை வெளுத்துக்கொண்டு துனிசியாவோடு ஆட வந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று டிரா. அடுத்த மேட்சில் குரோஷியாவிடம் தோல்வி. யாரும் முடியைக் குற்றம் சொல்லவில்லை. இலங்கையின் மலிங்கா செம்பட்டைச் சுருளோடு யார்க்கர் போட்டபோது, பேட்ஸ்மேன் பயந்தது பந்துக்குத்தான்.

ஆனால் ஜப்பானைப் பார். அங்கே காலேஜ் முடிகிற வரை கலர் கலராகத் தலை வைத்திருக்கிற பையன்கள், வேலை தேடுகிற சீசன் வந்தால் கறுப்புக்குத் திரும்பிவிடுவார்கள். ஒசாக்காவில் ஒரு பள்ளி மாணவி, தன் முடி பிறவியிலேயே பழுப்பு என்றும், கறுப்பு டை போடச் சொல்லித் திரும்பத் திரும்பக் கட்டாயப்படுத்தினார்கள் என்றும் 2017-ல் கோர்ட்டுக்குப் போனாள். 2021-ல் தீர்ப்பு. அவளுக்கு 3 லட்சத்து 30 ஆயிரம் யென் நஷ்ட ஈடு. ஆனால் முடிக்குச் சாயம் போடக் கூடாது என்கிற பள்ளிக்கூட விதி தப்பில்லை என்றும் கோர்ட் சொல்லிவிட்டது. 2022 ஏப்ரலிலிருந்து டோக்கியோ அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 'முடி கறுப்பாகத்தான் இருக்க வேண்டும்' என்கிற விதியையே எடுத்துவிட்டார்கள்.

"அப்ப மாறிக்கிட்டு வருதுன்னு சொல்றீங்க?"

"ஆமாடா மாப்ளே. நம்ம ஊர்லயும் மாறுது. 2011-ல மங்காத்தாவுக்காக அஜித் நரைச்ச தலையோட வந்தார். அதுக்கப்புறம் எத்தனை பேர் ஆபீஸுக்கு டை போடாம வர்றாங்க தெரியுமா? ஆனா திங்கட்கிழமைக்குள்ள மாறாது. முதல்ல வேலை வாங்கு. அப்புறம் புரட்சி பண்ணு."

சிரித்தான். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

ஆயாவின் இரண்டு கிண்ணம்

சனிக்கிழமை சாயந்திரம் பையன் காதைச் சொறிந்தான். பார்த்தால் சாயம் வைத்த இடம் நாலணா அளவுக்குச் சிவந்து, பொடிப் பொடியாகக் கொப்புளம்!

எனக்குத் தெரிந்த தோல் டாக்டருக்கு போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்தது. "இதுக்கு முன்னாடி கறுப்பு டாட்டூ ஏதாவது போட்டிருக்கானா, கேளுங்க."

போட்டிருக்கிறான்! இரண்டு வருஷம் முன்பு ஏதோ திருவிழாவில், கையில் 'கறுப்பு மருதாணி'யால் ஒரு தேள். பத்து நாள் அரித்ததாம். வீட்டில் சொல்லவில்லை.

"மருதாணி எங்க சார் கறுப்பா பிடிக்கும்? சிவப்பாத்தான் பிடிக்கும். அரை மணி நேரத்துல கறுப்பாச்சுன்னா பெரும்பாலும் அதுல பி.பி.டி. கலந்திருக்கும். அப்பவே உடம்பு அதை எதிரின்னு முத்திரை குத்தி வெச்சிடுச்சு. இனிமே அவன் வாழ்நாள் பூரா அந்த டை பக்கமே போகக் கூடாது" என்றார் டாக்டர்.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை அவர் பேச்சைக் கேட்டு மொத்தத் தலைக்கும் அப்பியிருந்தால்? இன்டர்வியூ எங்கே, ஆஸ்பத்திரி வாசல்தான்.

சலூன்காரருக்கு போன் போட்டேன். "அய்யய்யோ, வேணாம் சார்" என்றார். அப்போதுதான் திண்ணையிலிருந்து ஆயா குரல். "செவப்பு வெச்சு அப்புறம் நீலம் வெச்சா கறுப்பு வரப்போவுது. இதுக்கு எதுக்குடா ஊரெல்லாம் சுத்துறீங்க? எங்க அம்மா மருதாணியும் அவுரியும்தான் வெச்சுக்கும்!"

போனில் சலூன்காரர் கேட்டுவிட்டார். "சார்... ஆயா சொல்றதுதான் சார் ஃபில்லர்! மருதாணி சிவப்பு, அவுரி நீலம். நாங்க கோர்ஸுக்குக் காசு கட்டிப் படிச்சதை ஆயா திண்ணையில உட்கார்ந்து சொல்லிட்டாங்க!"

அவுரி இந்தப் பக்கத்துக்கு அந்நியம் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரியில் நீலச் சாயம் தோய்த்த துணிதான் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. திண்டிவனம் பக்கத்தில் இன்றைக்கும் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். ஆனாலும் அவசரப்படவில்லை. ராத்திரியே இரண்டையும் துளித் துளி எடுத்துப் பையன் முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தோம். பச்சை முடியில் ஒரு கொத்தை வெட்டி, ஆயா அதிலேயே ஒத்திகை பார்த்தார். காலையில் கை சுத்தம். முடி? காபிக் கொட்டை கலர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. தோட்டத்து மருதாணியை மைய அரைத்து மூன்று மணி நேரம். கழுவினால் தலை பறங்கிப்பழம்! அத்தான் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆயா அசரவில்லை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கின அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, கால் மணி நேரத்துக்குள் பூசி, ஒன்றரை மணி நேரம். ஷாம்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் அலசல். முதலில் லேசாகப் பச்சை அடித்தது. "காத்துப் பட்டா கறுக்கும்" என்றார் ஆயா. திங்கட்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்றான் பையன்.

முழுக் கறுப்பு இல்லை. கரும் பழுப்பு. அசல் நெய்வேலி கலர்!

நீங்களும் திரும்ப நினைத்தால்...

* தலை சின்ன கிராப் என்றால் பேசாமல் காத்திருங்கள். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வளரும். மூன்று தடவை கிராப் வெட்டினால் தங்கம் தரையில் கிடக்கும்.

* ப்ளீச் போட்ட தலைக்கு நேராக ஆஷ், கறுப்பு வேண்டாம். முதலில் செம்பு, அப்புறம் பழுப்பு. வெளுத்த முடி சாயத்தை அதிகம் குடிக்கும் என்பதால், வேண்டிய நிறத்தைவிட ஒரு படி வெளிறியதாகத் தேர்ந்தெடுங்கள்.

* ஒவ்வொரு தடவையும் 48 மணி நேர டெஸ்ட். போன மாதம் ஒத்துக்கொண்டது இந்த மாதமும் ஒத்துக்கொள்ளும் என்று எழுதிக் கொடுக்க ஆள் கிடையாது.

* 'ஹென்னா' என்று அட்டையில் இருந்தால் போதாது. பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். சிலவற்றில் பி.பி.டி., சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். உலோக உப்பு ஏறிய தலையில் பின்னால் ப்ளீச் பட்டால் சூடேறி முடி வெந்துபோகும்.

* அவுரி போட்ட தலையை மறுபடி தங்கமாக்க ஆசைப்படாதீர்கள். பச்சை காத்திருக்கிறது!

இன்டர்வியூவில் என்ன நடந்தது? உள்ளே மூன்று பேர். ஒருவருக்கு வழுக்கை, ஒருவருக்கு முழு நரை, ஒருவருக்கு டை. யாரும் முடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். பேரிங் பற்றி ஒன்பது கேள்வி. ஏழுக்குப் பதில் சொல்லியிருக்கிறான். முடிவு தபாலில் வரும்.

நான் சென்னை திரும்பி நாலு நாள் கழித்து அத்தானிடமிருந்து போன். பையன் விஷயமாக இருக்கும் என்று பதறி எடுத்தேன்.

"மாப்ளே..." குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாதாம். "அந்த டையைக் காதுக்குப் பின்னால தொட்டு வெச்சிருக்கேன். நாற்பத்தெட்டு மணி நேரம்னு சொன்னியே... குளிக்கலாமா, கூடாதா?"